அக்கா நின்ற இடம்

என் கையெழுத்து கோணலாக இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எந்த ‘ள’ எங்கே வரும், எங்கே ஒற்று போட வேண்டும் என்பதெல்லாம் எனக்குச் சரியாகத் தெரியாது. தப்புகளைத் திருத்திக்கொள்ளுங்கள், முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் யார் எங்கே நின்றார்கள், யார் எதைப் பார்த்தார்கள் என்று எழுதியிருப்பதை மட்டும் மாற்றிவிடாதீர்கள். அதில் தப்பு இல்லை. ஆறு வருடமாக அதை மனதுக்குள் சரிபார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

இது ஓர் அக்காவைப் பற்றியது. அவர் பெயர் எனக்குத் தெரியாது. மூன்று வருடம் ஒரே ரயில் பெட்டியில் போய்வந்தோம், ஒரே கம்பெனியில் வேலை செய்தோம், ஆனாலும் பெயரைக் கேட்கவில்லை. அக்கா என்றால் அவர்தான். கேட்டிருக்கலாம். கேட்டால் ஏன் கேட்கிறாய் என்று திருப்பிக் கேட்பாரோ என்று எனக்கு ஒரு கூச்சம்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இரும்புத் தகடு அடிக்கும் கம்பெனி அது. அக்கா கேன்டீன் கான்ட்ராக்டில் இருந்தார். காலை பத்து மணிக்கும் மதியம் மூன்று மணிக்கும் டீ கேனை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஷெட்டாக வருவார். கம்பெனி கொடுத்த நீலக் கோட்டைப் புடவை மேல் போட்டிருப்பார். கேன் மூடி சரியாக மூடாது. அதனால் இடது முழங்கையில் எப்போதும் ஒரு சூட்டுத் தழும்பு புதிதாக இருக்கும். நான் பிரஸ் ஷாப்பில் ஹெல்பர். அடித்து விழுகிற பீஸைப் பொறுக்கித் தொட்டியில் போட்டுத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். என் வேலைக்குப் பேச்சு தேவையில்லை. அதனால்தான் அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது.

நான் அத்திப்பட்டில் ரயில் ஏறுவேன். அக்கா மீஞ்சூரில் ஏறுவார். பொன்னேரியில் ஒரு பாய் ஏறுவார். பழவேற்காட்டிலிருந்து பஸ்ஸில் வந்து, லுங்கி மூட்டையோடு கும்மிடிப்பூண்டிக் கடைகளுக்குப் போகிறவர். கூடை, மூட்டை வைத்திருக்கிறவர்களுக்கான வெண்டர் பெட்டிதான் எங்கள் பெட்டி. அங்கே அக்கா கதை சொல்வார்.

கதை என்றால் ராஜா கதை இல்லை. டீ கொடுக்கப் போன இடத்தில் காதில் விழுந்தது, ஷெட்டில் நடந்தது, யாரோ அழுதுகொண்டே சொன்னது. அதில்தான் அக்காவிடம் ஒரு பழக்கம் இருந்தது. யாருக்கு நடந்ததாக இருந்தாலும் தனக்கு நடந்ததாகத்தான் சொல்வார்.

நான் அந்தப் பெட்டியில் ஏறத் தொடங்கிய முதல் வாரம் எனக்கு இது தெரியாது. அக்கா காலை மடக்கி உட்கார்ந்து, பாஸை மடித்துப் பர்ஸில் வைத்துவிட்டு, “அவ சூளூர்பேட்டைக்கு, அவங்கம்மா ஊட்டுக்குப் பூட்டா. நான் போய்க் கதவத் தட்றேன், தொறக்க மாட்டேன்றா. ரெண்டு நாளா ஷேவிங் கூட பண்ணல, கண்ணாடில பாத்தா எனக்கே பயமா கீது” என்றார். ஐம்பது வயதுப் பெண்பிள்ளை இப்படிச் சொன்னதும் எனக்கு ஒன்றும் புரியாமல், மெதுவாக எழுந்து வாசல் பக்கம் போய் நின்றுகொண்டேன். பாய்தான் பின்னாலேயே வந்து, அது வெல்டிங்கில் இருக்கிற ஓர் ஆளின் கதை, இந்தம்மா எப்போதும் இப்படித்தான் சொல்லும், பயப்படாதே என்றார். பெட்டியே சிரித்தது. அக்கா மட்டும் சிரிக்கவில்லை. அவர் இன்னும் சூளூர்பேட்டையில் கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார்.

ஒருமுறை எங்கள் கம்பெனி கேட்டில் செக்யூரிட்டிக்கும் ஒரு லாரி டிரைவருக்கும் தகராறு. மறுநாள் காலை ரயிலில் அக்கா செக்யூரிட்டியாக இருந்து அதைச் சொன்னார். மழையில் நிற்கிறேன், குடை இல்லை, சீட்டு இல்லாமல் உள்ளே விட்டால் என் வேலை போய்விடும், இவனோ ஹாரனை அமுக்கிக்கொண்டே இருக்கிறான் என்று. பெட்டியில் எல்லோரும் டிரைவரைத் திட்டினார்கள். சாயந்தரம் திரும்பி வரும்போது அதே கதையை டிரைவராக இருந்து சொன்னார். மூன்று நாள் தூக்கமில்லை, கேட்டைத் தாண்டினால்தான் கக்கூஸ், இவனோ சீட்டு சீட்டு என்கிறான். காலையில் டிரைவரைத் திட்டிய அதே வாய்கள் இப்போது செக்யூரிட்டியைத் திட்டின.

பாய்க்குப் பொறுக்கவில்லை. “இன்னாம்மா இது, காலைல ஒரு பேச்சு, சாய்ந்தரம் ஒரு பேச்சு? எதும்மா நெஜம்?”

“காலைல நான் கேட்டுக்கு உள்ள நின்னேன் பாய். இப்ப வெளிய நிக்கிறேன்” என்றார் அக்கா. “நெஜம் ஒண்ணுதான். நின்ன எடம்தான் வேற.”

நீ கோர்ட்டில் இருக்க வேண்டிய ஆள் என்றார் பாய். அன்று எல்லோரும் சிரித்தோம்.

என்னையும் பேச வைக்கப் பார்த்திருக்கிறார். என் பழக்கம் அவருக்கு நேர் எதிர். எனக்கு நடந்ததைக்கூட யாருக்கோ நடந்ததாகத்தான் சொல்ல வரும். ஒருநாள் வற்புறுத்திக் கேட்டபோது, ரேஷன் கடை வரிசையில் மண்ணெண்ணெய் வாங்க நின்ற ஒருவரைத் தள்ளிவிட்டுவிட்டு நான்கு பேர் முன்னால் போனார்கள், அவர் வெறும் கேனோடு திரும்பி வந்துவிட்டார் என்று சொன்னேன். “யாரு அந்த ஒருத்தரு? பேரு ஊரு இல்லாத ஆளா?” என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அக்கா அதற்கு மேல் கேட்கவில்லை.

மறுநாள் அந்தக் கதையை அவர் சொன்னார். “நான் கேனைத் தூக்கிகினு வரிசைல நிக்கிறேன்” என்று ஆரம்பித்தார். அவர் ஒன்றும் கூட்டிச் சொல்லவில்லை. நான் அங்கே சண்டை போட்டதாகவோ அழுததாகவோ சொல்லவில்லை. வெறும் கேன் நடக்க நடக்க முழங்காலில் இடித்துச் சத்தம் போட்டதை மட்டும் சொன்னார். அதை நான் அவரிடம் சொல்லவே இல்லை. ஆனால் அது உண்மை, இடித்தது. கொய்யாக்கூடைக்காரம்மா ‘ச்சொ’ என்றார். எனக்கு நடந்த ஒன்றுக்காக ஒரு பெட்டியே வருத்தப்பட்டது அன்றுதான். யாரும் என் பக்கம் பார்க்கவில்லை. அதுவே எனக்கு வசதியாகவும் இருந்தது.

இறங்கும்போது அக்கா என்னிடம் மட்டும் சொன்னார். “நான்னு சொல்லு. கேக்கறவன் உன் பக்கத்துல வந்து குந்திக்குவான். எவனோன்னு சொன்னா எட்ட நின்னு வேடிக்க பாத்துட்டுப் பூடுவான்.”

தன்னுடைய கதையை மட்டும் அவர் சொன்னதே இல்லை. வீட்டில் யார் இருக்கிறார்கள், எப்போது முதல் டீ கேன் தூக்குகிறார் என்று எதுவும் தெரியாது. பாய் கேட்டதற்கு, “என் கதைய வேற யார்னா சொல்லணும் பாய், நான் சொன்னா எனக்கு சாதகமா பூடும்” என்றார். இப்போது நான் சொல்கிறேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் ரயிலில் எதிர் சீட்டிலிருந்தும், ஷெட்டில் தொட்டிப் பக்கத்திலிருந்தும் பார்த்ததுதான்.

இனி சீனுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆரம்பாக்கத்துக்காரன். பிரஸ் ஓட்டுகிறவன். என்னை ‘நைனா’ என்றுதான் கூப்பிடுவான். பிரஸ் எப்படி ஓடும் என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தகட்டை அச்சில் வைத்துவிட்டு, வலது கையால் ஒரு பட்டனையும் இடது கையால் ஒரு பட்டனையும் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் மேலே இருக்கிற இரும்பு இறங்கும். இரண்டு கையும் பட்டனில் இருப்பதால் உள்ளே மாட்டாது. ஆனால் இது மெதுவான வேலை. அதனால் ஆர்டர் நெருக்கும்போது ஒரு பட்டனில் சின்ன மரச் சில்லை வைத்து அமுக்கி, மேலே டேப் சுற்றிவிடுவார்கள். பிறகு ஒரு கையால் தகட்டை வைத்துக்கொண்டே இன்னொரு கையால் அடிக்கலாம். எல்லா பிரஸ் ஷாப்பிலும் நடப்பதுதான். யாரும் இதைப் பற்றிப் பேச மாட்டார்கள். பாதுகாப்பு ஆடிட் வரும்போது டேப்பை உரித்துவிடுவார்கள்.

2003-இல் ஒரு திங்கட்கிழமை, காலை எட்டே முக்கால் மணி. சூப்பர்வைசர் வந்தார். சட்டைப் பையிலிருந்து பச்சை டேப்பை எடுத்தார். வலது பட்டனில் சில்லை வைத்துச் சுற்றினார். சீனு தெலுங்கும் தமிழும் கலந்து ஏதோ சொன்னான், வேண்டாம் என்கிற மாதிரி. சூப்பர்வைசர் அவன் தோளைத் தட்டிவிட்டுப் போனார். நான் நான்கடி தள்ளி, தொட்டிக்குப் பக்கத்தில் நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தேன். எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. ஒன்பதரை மணிக்கு சீனுவின் வலது கை உள்ளே போனது. இரண்டு விரல் முழுதாகவும் ஒரு விரல் பாதியும் போய்விட்டன. எல்லோரும் அவனைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். திரும்பிப் பார்த்தபோது பட்டனில் டேப் இல்லை.

அன்று சாயந்தரம் பிளாட்பாரத்தில் அக்காவிடம் சொன்னேன். வேறு யாரிடமும் சொல்லவில்லை. அவரிடமும் எப்படிச் சொன்னேன் தெரியுமா, “ஒருத்தர் பாத்திருக்காருக்கா” என்று. சூப்பர்வைசர்தான் டேப் சுற்றினார் என்று ஒருவர் பார்த்தாராம் என்றேன். அக்கா என்னை உற்றுப் பார்த்தார். என்ன நிற டேப், எந்தப் பக்கத்துப் பட்டன், அவன் என்ன சொன்னான், இவர் எந்தத் தோளைத் தட்டினார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். கடைசியாக, “அந்த ஒருத்தரு, யார்னா கேட்டா வந்து சொல்லுவாரா?” என்றார்.

“தெரிலக்கா. அவரு கூச்ச சுபாவம்.”

“சரி” என்றார் அக்கா.

மறுநாளிலிருந்து ரயிலில் அக்கா அந்தக் கதையைச் சொன்னார். “நான் டீ கேனை எடுத்துகினு ஷெட்டுக்குள்ள நொழையறேன்” என்று ஆரம்பித்து, பச்சை டேப்பிலிருந்து தோளைத் தட்டியது வரை சொன்னார். நான் பார்த்தது எல்லாம் அதில் இருந்தது, நான் மட்டும் இல்லை. பெட்டியில் அன்று யாரும் வேர்க்கடலைகூட உரிக்கவில்லை.

கம்பெனி சீனுவுக்கு மெமோ கொடுத்தது. வேலையைச் சீக்கிரம் முடிப்பதற்காக அவனே பட்டனில் சில்லை வைத்து மெஷினைக் கெடுத்தான், அதனால்தான் கை போனது, ஏன் வேலையை விட்டு நீக்கக் கூடாது என்று. சூப்பர்வைசர் எழுதிக் கொடுத்தது அது. கையும் போய், தானே செய்துகொண்டான் என்ற பேரும் வந்தால் அவனை வேறு எந்தக் கம்பெனியிலும் மெஷின் பக்கத்தில் நிற்க விட மாட்டார்கள்.

பதினைந்து நாள் கழித்து, சாயந்தரம் நாங்கள் திரும்பும் வண்டியில், கையில் பெரிய கட்டோடு சீனு எங்கள் பெட்டியில் ஏறினான். யாரோ சொல்லிக் கேள்விப்பட்டிருக்கிறான். “அக்கா, நீங்க பாத்தீங்களாமே. என்கொயரில வந்து அத மட்டும் சொல்லுங்கக்கா. எனக்கு வேற யாரும் இல்ல.”

பெட்டியில் இருந்தவர்களுக்கு அக்காவின் பழக்கம் தெரியும். சீனுவுக்குத் தெரியாது. பாய் வாயைத் திறந்து, பிறகு மூடிக்கொண்டார். அக்கா சீனுவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். கேட்கிற பார்வை இல்லை. இடம் விடுகிற பார்வை. ரயில் கவரப்பேட்டையில் நின்றது, கிளம்பியது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வயலும் செங்கல் சூளையும் போயின. பொன்னேரி வரப்போகும்போது பின்னால் அக்காவின் குரல் கேட்டது. “சரிப்பா. வந்து சொல்றேன்.”

சீனு பொன்னேரியில் இறங்கி எதிர்வண்டியைப் பிடிக்கப் போனான். பாயும் மூட்டையை எடுத்துக்கொண்டு, இறங்குவதற்கு முன் குனிந்து, “நெஜமா நீ பாத்தியாம்மா?” என்றார்.

“பாத்த கண்ணு எங்கியோ கீது பாய். அதுக்கு ஒரு வாய் வேணும்ல? அது என்னுது.”

என்கொயரி நடந்தது கம்பெனி மாடியில் இருந்த ஏசி அறையில். நடத்தியவர் வெளியிலிருந்து வந்த வக்கீல். அறைக்குள் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. நான் உள்ளே இல்லை. ஷெட்டில் நடந்ததை மட்டும் சொல்ல முடியும்.

மதியம் பிரஸ்ஸை நிறுத்தச் சொன்னார்கள். வக்கீல், பர்சனல் ஆபீசர், சூப்பர்வைசர், சீனு, அக்கா ஐந்து பேரும் ஷெட்டுக்குள் வந்தார்கள். வக்கீல் வெள்ளைச் சட்டை, கையில் ஃபைல். மரியாதையானவர். அக்காவை ‘வாம்மா போம்மா’ என்றுதான் கூப்பிட்டார். எங்கே நின்று பார்த்தாய், அங்கே போய் நின்று காட்டு என்றார்.

அக்கா ஷெட் வாசலில் போய் நின்றார்.

அங்கேதான் அவர் நிற்க முடியும். டீக்கார அம்மாவுக்குத் தொட்டிப் பக்கத்தில் என்ன வேலை என்று கேட்பார்கள் அல்லவா. அதனால் நான் பார்த்ததையெல்லாம் எடுத்துக்கொண்டு, கால்களை மட்டும் வாசலில் வைத்துக்கொண்டார். ஆனால் வாசலுக்கும் பிரஸ்ஸுக்கும் நடுவில் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு கரண்ட் பேனல் பெட்டி நிற்கிறது. தினம் இரண்டு முறை கேனோடு அந்த வாசலில் நுழைகிறவர்தான், ஆனால் நுழைந்ததும் கேனைப் பார்ப்பார், வழியைப் பார்ப்பார். அங்கே நின்று பிரஸ்ஸைப் பார்க்கும் வேலை அவருக்கு ஒருநாளும் வந்ததில்லை.

“இங்கதான் நின்னியாம்மா?”

“ஆமா சார்.”

“இங்கேருந்து பட்டன் தெரியுதா?”

அக்கா பார்த்தார். கொஞ்சம் இந்தப் பக்கம் சாய்ந்தார், கொஞ்சம் அந்தப் பக்கம் சாய்ந்தார். எந்தப் பக்கம் சாய்ந்தாலும் சாம்பல் நிற இரும்புப் பெட்டிதான்.

“அன்னிக்குத் தெரிஞ்சிச்சு சார்” என்றார்.

சூப்பர்வைசர் சிரித்தார். “பத்து மணிக்கு வர்ற டீ, அன்னிக்கு மட்டும் எட்டே முக்காலுக்கு வந்துச்சா சார்?” என்றார். வக்கீல் அவரைக் கையால் அமர்த்திவிட்டு, பிரஸ்ஸைச் சுற்றி நடந்து வந்தார். என்னிடம் வந்து, “கொஞ்சம் நகருப்பா” என்றார். நான் நகர்ந்தேன். நான் நின்ற இடத்தில் அவர் நின்றார். பட்டனைப் பார்த்தார்.

“இங்கேருந்து நல்லாவே தெரியுதே. இங்க யார் நிப்பாங்க?”

“இந்த ஹெல்பர்தான் சார்” என்றார் பர்சனல் ஆபீசர்.

வக்கீல் என் பக்கம் திரும்பினார். அன்றைக்கு எட்டே முக்காலுக்கு இங்கே இருந்தாயா என்று கேட்டார். இருந்தேன் என்றேன். பட்டனில் யாராவது சில்லு வைத்ததைப் பார்த்தாயா என்று கேட்டார். சத்தமாகக்கூட இல்லை, நேரம் கேட்பதுபோல.

பிரஸ் ஓடாத ஷெட் எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. சீனு என்னைப் பார்த்தான். அதுவரை நான் பார்த்திருப்பேன் என்று அவனுக்குத் தோன்றியிருக்கவில்லை. எங்கள் மாதிரி ஆட்கள் அங்கே நிற்பதை யாரும் கவனிப்பதில்லை. “சொல்லு நைனா” என்றான், மெதுவாக.

அக்கா என்னைப் பார்க்கவில்லை. அந்த பேனல் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். இவன்தான் சார் என்னிடம் சொன்னவன் என்று கை நீட்டியிருந்தால் நான் தப்பியிருக்க முடியாது. அவர் சொல்லவில்லை.

“குனிஞ்சி பீஸ் பொறுக்கிகினு இருந்தேன் சார்” என்றேன்.

அது என் வாயில் எவ்வளவு சுலபமாக வந்தது என்று இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம். எப்போதும் ‘ஒருத்தர்’ என்றே பேசுகிறவன், அன்று தடுமாறாமல் என்னைப் பற்றிச் சொன்னேன். வக்கீல் எழுதிக்கொண்டார். அடியில் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். அதுவரை என்னை ‘யோவ்’ என்று கூப்பிட்ட சூப்பர்வைசர், அன்றிலிருந்து ‘அண்ணே’ என்று கூப்பிட ஆரம்பித்தார். கம்பெனியை மூடும்வரை அப்படித்தான் கூப்பிட்டார்.

சாயந்தரம் ஐந்து மணி வண்டி. அக்கா ஏற மாட்டார் என்று நினைத்தேன். ஏறினார். வழக்கமான சீட்டில் காலை மடக்கி உட்கார்ந்தார். பாய் என்ன ஆச்சு என்று கேட்டார். அக்கா கதை சொன்னார்.

“நான் பிரஸ்ஸாண்ட நிக்கிறேன் பாய். வக்கீல் வந்து, பாத்தியான்றாரு. எனக்கு ரெண்டு பொண்ணு. பெரியவ பத்தாவது படிக்கிறா. ஊட்டுக்காரிக்கு மூச்சு எளப்பு. இந்த வேல பூட்ச்சின்னா வேற எவன் எனக்கு வேல குடுப்பான். எதிர்ல கையில கட்டோட அந்தப் புள்ள நிக்கிது. சொல்லு நைனான்றான். எனக்கு நாக்கு எழும்பல பாய்.”

முன் சீட்டில் ஒருவர், இருந்தாலும் அவன் சொல்லியிருக்கணும் என்றார். கொய்யாக்கூடைக்காரம்மா அவரை அடக்கினார். பாய் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, “பாவம்மா, அவனும் புள்ளகுட்டிக்காரன். இன்னா பண்ணுவான்” என்றார். இரண்டு மூன்று பேர் ஆமாம் என்றார்கள்.

நான் எதிர் சீட்டில் உட்கார்ந்திருந்தேன். அந்த ஆள் நான்தான் என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது.

எனக்குப் பெண்கள் இல்லை. பிள்ளைகளே இல்லை. என் மனைவிக்கு மூச்சு இளைப்பு கிடையாது, பக்கத்துத் தெருவில் இட்லிக் கடை வைத்திருந்தாள். அந்த வேலை போயிருந்தால் வேறு ஒரு வேலை கிடைத்திருக்கும். நான் சொல்லாததற்குக் காரணம் அதெல்லாம் இல்லை. நான்கு பேர் என்னைப் பார்த்தார்கள். எல்லோரும் பார்க்கும்போது எனக்குப் பேச வராது. அவ்வளவுதான். அதை வெளியே சொன்னால் யாராவது பாவம் என்பார்களா? அது அக்காவுக்குத் தெரியும். அதனால்தான் என் இடத்தில் வந்து நின்று, என்னிடம் இல்லாத நல்ல காரணங்களையெல்லாம் எனக்குப் போட்டுவிட்டார். மீஞ்சூரில் இறங்கும்போதும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. கோபமா, மன்னிப்பா, இரண்டும் இல்லையா என்று தெரியவில்லை.

மறுநாள் அவர் வரவில்லை. கம்பெனிக்கு எதிராகப் பொய்ச்சாட்சி சொன்னார் என்று கான்ட்ராக்டர் நிறுத்திவிட்டதாகச் சொன்னார்கள். அடுத்த மாதம் சீனுவுக்கும் டிஸ்மிஸ் ஆர்டர் வந்தது.

சில ஞாயிற்றுக்கிழமைகளில் மீஞ்சூருக்குப் போய்த் தேடினேன். தேடினேன் என்று சொல்வது தப்பு. ஸ்டேஷனிலிருந்து மார்க்கெட் வரை நடந்து, திரும்பி வருவேன். யாரிடமும் கேட்கவில்லை. பெயர் தெரியாமல் என்ன கேட்பது? கால் வலித்தால் அங்கிருந்த கிளை நூலகத்தில் உட்காருவேன். சும்மா உட்கார்ந்தால் நூலகர் பார்ப்பாரே என்று ஒரு வாரப் பத்திரிகையை எடுத்து வைத்துக்கொண்டேன். எழுத்துக் கூட்டிப் படிக்கப் படிக்க, கதைகள் பழகின. நாலைந்து வருடத்தில் நிறையப் படித்துவிட்டேன்.

கதைகளை நான் படிப்பது மற்றவர்கள் மாதிரி இல்லை என்று நினைக்கிறேன். யார் சொல்கிறார்கள், எங்கே நின்று சொல்கிறார்கள் என்றுதான் முதலில் பார்ப்பேன். ‘நான்’ என்று சொல்கிறவன் பெரும்பாலும் கொஞ்சம் நல்லவனாகவே இருக்கிறான். தப்புச் செய்தாலும் அதற்கு ஒரு காரணம் வைத்திருக்கிறான். எல்லோர் மனதிலும் புகுந்து பார்க்கிற மாதிரி சொல்லும் கதைகளும் உண்டு. அவற்றை எழுதியவருக்கு பேனல் பெட்டியே குறுக்கே நிற்காதுபோல. இன்னொரு வகையில், சொல்கிறவன் ஓரமாக நிற்கிறான். எல்லாம் மற்றவர்களுக்குத்தான் நடக்கிறது. அவன் பார்த்ததை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறான். படிக்கிறவர்கள் அவனைப் பற்றி ஒன்றும் நினைப்பதில்லை. எனக்கு அவன் மேல்தான் சந்தேகம் வரும். நீ அங்கேதானே நின்றாய், நீ என்ன செய்தாய் என்று பக்கத்தைத் திருப்பித் திருப்பித் தேடுவேன்.

இந்த வருடம் அந்தக் கம்பெனியை மூடிவிட்டார்கள். நான் இப்போது கட்டட வேலைக்கு லோடு இறக்கப் போகிறேன். போன மாதம் தேர்வாய் கண்டிகையில் புதிதாக வருகிற தொழிற்பேட்டைக்கு ஜல்லி கொண்டுபோனோம். ஒரு கேட்டில் சீனு வாட்ச்மேனாக இருந்தான். என்னை அடையாளம் கண்டுகொண்டு, நைனா என்று கூப்பிட்டு, நாஷ்டா சாப்பிட்டாயா என்று கேட்டு, தன் டிபன் பாக்ஸைத் திறந்து கொடுத்தான். மூடியை இடது கையால்தான் திறந்தான்.

பழைய பேச்சு வந்தது. என்மேல் அவனுக்கு ஒன்றும் இல்லை. “நீ குனிஞ்சிகினு இருந்த, நீ இன்னா பண்ணுவ” என்றான். பிறகு சொன்னான்: “அந்த டீக்கார அக்காதான் நைனா என்னக் கெடுத்துச்சு. பாக்காததப் பாத்தன்னு வந்து பொய் சொல்லி மாட்டிகிச்சு. அது வராம இருந்திருந்தா எம்பேச்சயாச்சும் நம்பியிருப்பாங்க. இன்னா லாபம் அதுக்கு? என்ன இப்டிப் பேஜார் பண்ணிட்சே. அது நல்லாவே இருக்காது நைனா.”

ஆறு வருடமாக அவன் அக்காவைச் சபித்துக்கொண்டிருக்கிறான்.

அவன் முன்னால் நான் மட்டும்தான் இருந்தேன். வக்கீல் இல்லை, ஆபீசர் இல்லை. இழப்பதற்கு அந்தக் கம்பெனி வேலையும் இப்போது இல்லை. அக்கா சொன்னது பொய் இல்லை சீனு, நான் பார்த்ததுதான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். “அந்தக்கா அப்டிப்பட்டவங்க இல்லன்னு ஒருத்தர் சொன்னாரு” என்றுதான் வந்தது. சீனு யாரு என்றான். அதற்குள் லாரிக்காரர் ஹாரன் அடித்தார். ஏறிவிட்டேன்.

வாயால் சொல்ல எனக்கு வராது என்று அன்றோடு தெரிந்துவிட்டது. அதனால் எழுதுகிறேன். பத்திரிகைக்கு ஒன்று, சீனுவுக்கு ஒன்று.

2003-ஆம் வருடம், திங்கட்கிழமை காலை எட்டே முக்கால் மணிக்கு, பிரஸ்ஸுக்கு நான்கடி தள்ளி, தொட்டிக்குப் பக்கத்தில் நான் நிமிர்ந்து நின்றேன். சூப்பர்வைசர் பச்சை டேப்பால் வலது பட்டனைச் சுற்றியதை நான் பார்த்தேன். சீனு வேண்டாம் என்றதை நான் கேட்டேன். அதை அக்காவிடம் சொன்னது நான். வக்கீல் கேட்டபோது குனிந்திருந்தேன் என்று பொய் சொன்னதும் நான். அக்கா பொய்யே சொல்லவில்லை. நான் நிற்க வேண்டிய இடத்தில் நின்றார்.

சீனு தெலுங்குப் பள்ளியில் படித்தவன். அவனுக்குத் தமிழ் படிக்க வராது. இந்தத் தாளை கேட்டில் கொடுத்துவிட்டு வந்தால், அந்தப் பக்கம் போகிற யாரையாவது நிறுத்தி, படித்துச் சொல்லு என்பான். அந்த ஆள் சத்தமாக, நான் பார்த்தேன், நான் பொய் சொன்னேன் என்று படிப்பார். சீனு அந்த ஆளின் முகத்தைப் பார்த்துக்கொண்டு கேட்பான். நான் அங்கே இருக்க மாட்டேன்.

16 ஆகஸ்ட் 2009, ஞாயிற்றுக்கிழமை
அத்திப்பட்டு